உலக இளையோர் தினத்துக்கு முதல்முறை போகிறீர்களா? ஆறு பேராகப் போங்கள்

உலகெங்குமுள்ள கத்தோலிக்க இளையோர் திருத்தந்தையோடு (போப்பாண்டவரோடு) கூடும் பெருவிழாதான் உலக இளையோர் தினம். அதற்கு முதல்முறை கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "திருத்தந்தையைப் பக்கத்தில் பார்க்க முடியுமா?" என்பதுதான். பெரும்பாலும் முடியாது. பெரிய திரையில்தான் பார்ப்பீர்கள். கொடுத்து வைத்திருந்தால் அவருடைய வண்டி ஐம்பதடி தள்ளிப் பத்து நொடியில் கடந்து போகும். அந்தப் பத்து நொடியும் முன்னால் நிற்கிறவர் தூக்கிப் பிடித்திருக்கும் போனுக்குள்தான் தெரியும். இதை முன்பே சொல்லிவிட்டால் பாதி ஏமாற்றம் குறையும். அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: என்னோடு யார் வருகிறார்கள்?

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். 2016-ல் போலந்தின் கிராக்கோவ், 2023-ல் போர்ச்சுகலின் லிஸ்பன். கிராக்கோவில் நாங்கள் நாற்பது பேர் ஒரே கூட்டமாகத் திரிந்தோம். ஒருவர் கழிப்பறைக்குப் போனால் முப்பத்தொன்பது பேர் வெயிலில் நின்றோம். ஒருநாள் பாதிப் பேர் ரயிலில் ஏறியதும் கதவு மூடிக்கொண்டது. மீதிப் பேர் நடைமேடையில் நின்று கையாட்டினோம். முன்னால் கொடி பிடித்து நடந்த எங்கள் பொறுப்பாளர் மூன்றாம் நாளோடு யாரிடமும் பேசுவதை நிறுத்திவிட்டார். லிஸ்பனுக்கு ஆறு ஆறு பேராகப் பிரிந்து போனோம். நெரிசலும் வெயிலும் அதேதான், ஆனால் யாரும் யாரையும் திட்டவில்லை. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஆறு பேரைச் சுற்றித்தான்.

எங்கே, எப்போது

திருச்சபை கொண்டாடிய மீட்பின் யூபிலி ஆண்டு முடிந்த 1984-ல், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 3.8 மீட்டர் உயரமுள்ள மரச்சிலுவை ஒன்றை இளையோர் கையில் கொடுத்து உலகெங்கும் கொண்டுபோகச் சொன்னார். அடுத்த ஆண்டு ஐ.நா.வின் சர்வதேச இளைஞர் ஆண்டு. குருத்து ஞாயிறையொட்டி உரோமையில் இளையோரின் பெருங்கூட்டம். 1986-ல் முதல் உலக இளையோர் தினம் வந்தது. அன்றிலிருந்து இது இரண்டு விதமாக நடக்கிறது. ஆண்டுதோறும் அந்தந்த மறைமாவட்டத்தில், அதாவது ஓர் ஆயரின் (பிஷப்பின்) பொறுப்பிலுள்ள பகுதியில், நடப்பது ஒன்று. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு நகரத்தில் உலகமே கூடுவது இன்னொன்று. மறைமாவட்டக் கொண்டாட்டம் முன்பு குருத்து ஞாயிறன்று இருந்தது, 2021 முதல் நவம்பர் கடைசியில் வரும் கிறிஸ்து அரசர் பெருவிழாவுக்கு மாறியது. வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் அதற்கு முந்தைய மறைமாவட்டக் கொண்டாட்டத்தைத் தவறவிடாதீர்கள். உங்கள் ஆறு பேரைத் தேர்ந்தெடுக்க அதைவிட நல்ல இடம் இல்லை.

அடுத்த உலகக் கூட்டம் தென்கொரியாவின் சியோலில், 2027 ஆகஸ்ட் 3 முதல் 8 வரை. "துணிவுடன் இருங்கள். நான் உலகின்மீது வெற்றி கொண்டுவிட்டேன்" என்ற யோவான் 16:33 அதன் கருப்பொருள். முக்கிய வாரத்துக்கு முந்தைய சில நாள்களை அந்நாட்டின் மற்ற மறைமாவட்டங்களில், பெரும்பாலும் வீடுகளிலும் பங்குக் கோவில்களிலும் தங்கிக் கழிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அதை 'மறைமாவட்ட நாள்கள்' என்பார்கள். 1997 பாரிஸ் கூட்டத்தில் தொடங்கிய வழக்கம். லீவு கிடைக்கவில்லை என்று பலர் இதை வெட்டிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், எதையாவது வெட்டியே ஆக வேண்டுமென்றால் கடைசியில் சேர்க்கும் ஊர்சுற்றலை வெட்டுங்கள். அந்த நாட்டு மக்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் வாய்ப்பு பெரும்பாலும் இந்த நாள்களில்தான் கிடைக்கும். முக்கிய வாரத்தில் கிடைப்பது வரிசை மட்டுமே.

ஆறு பேரைச் சேர்ப்பது

ஆறு என்றால் மூன்று ஜோடி. யாரும் எங்கேயும் தனியாகப் போக வேண்டியதில்லை: ஒரு ஜோடி தண்ணீர் பிடிக்கப் போகலாம், ஒரு ஜோடி உணவு வரிசையில் நிற்கலாம், மிச்சமுள்ள ஜோடி பைகளைப் பார்த்துக்கொள்ளலாம். ஆறு பேரை ஒரு பார்வையில் எண்ணிவிடலாம். பத்து ஆனதும் எண்ணத் தொடங்குகிறீர்கள், இருபது ஆனதும் கத்தத் தொடங்குகிறீர்கள்.

நெருங்கிய நண்பர்களே ஆறு பேர் என்று சேராதீர்கள். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டே உலகத்தைத் தவறவிடுவார்கள். வரைபடம் பார்க்கத் தெரிந்த ஒருவர், கூச்சமில்லாமல் அந்நியரிடம் வழி கேட்கிற ஒருவர், முதலுதவி தெரிந்த ஒருவர், எதற்கும் பதறாத ஒருவர் இருந்தால் போதும். பதறாதவரைத்தான் பொறுப்பாளராக வையுங்கள், அதிகம் பேசுகிறவரை வேண்டாம். குழுவில் ஆண்களும் பெண்களும் இருந்தால் ஜோடிகளை அதற்கேற்பப் பிரியுங்கள். நள்ளிரவில் கழிப்பறைக்குத் துணை வேண்டியிருக்கும்.

பதிவு

உங்கள் பங்குத்தந்தையிடம் தொடங்கி மறைமாவட்ட இளையோர் பணிக்குழுவிடம் போங்கள். தனியாகவும் பதிவு செய்ய வழி இருக்கலாம், ஆனால் முதல்முறை போகிறவர் மறைமாவட்டக் குழுவோடு போவதே நல்லது. பெரிய குழுவாகப் பதிவு செய்து, உள்ளுக்குள் ஆறு ஆறாகப் பிரியுங்கள். இந்தக் கூட்டம் பொதுவாக 14 முதல் 30 வயது வரையுள்ளவர்களை மனத்தில் வைத்து அமைக்கப்படுகிறது. அதைத் தாண்டியவர்கள் பொறுப்பாளராகவோ தன்னார்வலராகவோ போகலாம்.

பதிவில் பல வகைப் பொதிகள் இருக்கும்: தங்குமிடம், உணவு, உள்ளூர்ப் போக்குவரத்து, காப்பீடு எல்லாம் சேர்ந்தது ஒன்று, சிலது இல்லாமல் மலிவானவை வேறு. வாரம் முழுக்கத் தங்குகிறவர்களுக்கு உணவும் போக்குவரத்தும் சேர்ந்த பொதியே கடைசியில் லாபம். பல நகரங்களில் கட்டணத்தோடு ஒற்றுமை நிதி என்று ஒரு சிறு தொகையும் வாங்குவார்கள். வசதியில்லாத நாடுகளின் இளையோர் வருவதற்கு அது போகிறது. அதைக் கூடுதல் செலவாக எண்ணிக் குறைபட்டுக்கொள்ளாதீர்கள். உங்கள் பக்கத்தில் படுத்திருப்பவர் அந்தப் பணத்தில் வந்தவராக இருக்கலாம்.

18 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோர் இருவரின் எழுத்துபூர்வமான சம்மதமும், அங்கே பொறுப்பேற்கும் பெரியவரின் பெயரும் வேண்டும். சில நாடுகள் அந்தச் சம்மதக் கடிதத்தில் நோட்டரி முத்திரை கேட்கும். சிறார் பாதுகாப்பு விதிகளைப் பொறுப்பாளர்கள் கிளம்பும் முன்பே படித்திருக்க வேண்டும்: பெரியவர் ஒருவர் சிறுவரோடு ஒரே அறையில் தனியாகத் தங்கக் கூடாது என்பது உட்பட. குழுவோடு வரும் அருட்தந்தை தன் ஆயரிடமிருந்து செலிபிரெட் (இவர் திருப்பலி நிறைவேற்றும் உரிமையுள்ள குரு என்று சொல்லும் சான்று) வாங்கி வரட்டும். அது இல்லாத குருவைக் கூட்டுத்திருப்பலியில் பீடத்தருகே விடமாட்டார்கள்.

பாஸ்போர்ட்டும் விசாவும்

திரும்பி வரும் நாளிலிருந்து ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டால் எந்த நாட்டுக்கும் சிக்கல் வராது. பெயர் விஷயத்தில்தான் ஆள் ஆளுக்கு மாட்டுகிறார்கள். எங்கள் குழுவில் ஒரு தங்கை, பங்கில் எல்லாரும் கூப்பிடும் திருமுழுக்குப் பெயரிலேயே பதிவு செய்திருந்தாள். பாஸ்போர்ட்டில் இருந்தது வேறு பெயர். அழைப்புக் கடிதம் ஒரு பெயருக்கு, விண்ணப்பம் இன்னொரு பெயருக்கு. அதைச் சரிசெய்யவே மூன்று வாரம் ஓடியது. பதிவு, டிக்கெட், காப்பீடு, விசா நான்கிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து அப்படியே இருக்கட்டும்; புள்ளி, இடைவெளி, வரிசை எதுவும் மாறக் கூடாது. ஒருவர் நிரப்ப இன்னொருவர் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்து வாசித்துச் சரிபாருங்கள்.

பதிவு செய்துவிட்டால் விசா கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு. உங்கள் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டுமா, முன்அனுமதி மட்டும் போதுமா என்பதை அந்த நாட்டுத் தூதரகத்தின் அதிகாரபூர்வப் பக்கத்தில் மட்டும் பாருங்கள். "இளையோர் தின விசா நாங்கள் உறுதியாக வாங்கித் தருகிறோம்" என்று முன்பணம் கேட்கும் ஏஜென்டுகள் ஒவ்வொரு முறையும் முளைக்கிறார்கள். விசா தருவது தூதரகம் மட்டுமே. யாராலும் உறுதி கொடுக்க முடியாது.

விண்ணப்பத்தை அதிகாரி ஏன் அப்படிச் சல்லடை போடுகிறார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இப்படிக் கூட்டங்களுக்கு வந்து, விசா முடிந்தும் திரும்பாமல் மறைந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே அவர் தேடுவது உங்கள் பக்தியை அல்ல, நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்கான காரணத்தை. கல்லூரியின் சான்று, வேலையிடத்தின் விடுப்புக் கடிதம், ஆறு மாத வங்கிக் கணக்கு, மறைமாவட்டக் கடிதம், போகவும் வரவும் பயணத் திட்டம் எல்லாம் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். தேதிகள் ஒன்றோடொன்று முட்டினால் அங்கேயே நின்றுவிடும். நேர்காணலில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். மறையுரை வேண்டாம்.

கூட்டம் ஐரோப்பாவில் நடந்தால் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா விதிகள் வரும்: குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குள் என்றால் காலம் கடந்துவிட்டது. வேறு நாடுகளுக்குப் போகும்போதும் அந்தக் காப்பீட்டு அளவைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். விசா கையில் வருவதற்கு முன் பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்கிவிட்டு அழுத குழுக்களைப் பார்த்திருக்கிறேன். வாங்கத்தான் வேண்டுமென்றால் ரத்து விதியை இரண்டு முறை வாசியுங்கள்.

பணம்

விமானம், பதிவு, விசா, காப்பீடு, கைச்செலவு என்று ஐந்து தலைப்பில் எழுதுங்கள். அதற்கு மேல் பத்தில் ஒரு பங்கு, எதிர்பாராததற்கு. தவணையாக வசூலிக்க ஓராண்டாவது வேண்டும். பங்கில் நிதி திரட்டினால் கணக்கை இருவர் வைத்திருங்கள், மாதம் ஒருமுறை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். யாருக்காவது விசா மறுக்கப்பட்டால் அவருடைய பணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை முதல் தவணை வாங்குவதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். இந்த ஒரு தாளை எழுதாததால் பேசாமல் போன குடும்பங்கள் உண்டு.

காலைப் பழக்குங்கள்

சனிக்கிழமை இரவு செபத்தில் விழித்திருக்கும் திருவிழிப்புத் திடலுக்கு முதுகில் பையோடு பத்து கிலோமீட்டருக்கு மேல் நடக்க நேரிடலாம். மற்ற நாள்களிலும் உட்கார்ந்த நேரத்தைவிட நடந்த நேரமும் நின்ற நேரமும் அதிகம். மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். வாரத்துக்கு மூன்று நாள் நடை, கடைசி மாதம் பையை மாட்டிக்கொண்டு நடை. ஆறு பேரும் சேர்ந்து நடந்தால் இன்னொன்றும் தெரிந்துவிடும்: யாருக்கு எப்போது கோபம் வரும் என்பது. எங்களில் ஒருவனுக்குப் பசித்தால் முகம் சுருங்கும். இதை முன்பே கண்டுபிடித்ததால் லிஸ்பனில் அவன் முகம் சுருங்கியதும் யாராவது ஒரு பிஸ்கட்டை நீட்டிவிடுவோம்.

புது ஷூ வாங்கினால் பயணத்துக்கு இரண்டு மாதம் முன் வாங்கிப் போட்டுப் பழக்குங்கள். விமான நிலையத்தில் பளபளக்கும் ஷூவோடு வருகிறவர் நாலாம் நாள் செருப்போடு நொண்டுவார். கொப்புளம் வரும் இடத்தில் சிவப்பு தெரியும்போதே பிளாஸ்டர் ஒட்ட வேண்டும். வந்த பிறகு ஒட்டுவது காலம் தாழ்ந்த வேலை.

தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நாள் கணக்கைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலாக, மருத்துவர் சீட்டோடு, கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து, கவனக் குறைபாட்டுக்கான சில மாத்திரைகள் போன்றவை ஒரு நாட்டில் சாதாரணம், இன்னொரு நாட்டில் போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும். கொரியா இதில் கண்டிப்பான நாடு. சந்தேகம் இருந்தால் முன்பே தூதரகத்தில் கேட்டுவிடுங்கள்.

பை

உங்கள் பையை நீங்களே ஒரு மணி நேரம் சுமந்து நடக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் எதையாவது எடுத்து வெளியே வையுங்கள். நான் பார்த்தவரை வெளியே போக வேண்டியது எப்போதும் உடைகள்தான். மூன்று செட் போதும், துவைத்துக்கொள்ளலாம். திருப்பலிக்கு ஏற்ற கண்ணியமான உடை அதில் ஒன்று.

தங்குவது பெரும்பாலும் பள்ளிக்கூடத் தரையிலோ விளையாட்டரங்கிலோ பங்கு மண்டபத்திலோ. ஆகவே ஸ்லீப்பிங் பேக்கும் மெல்லிய சுருட்டுப் பாயும் கட்டாயம். காதை அடைக்கும் பஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள். நூறு பேர் தூங்கும் கூடத்தில் குறட்டைக்கு நாடு, மொழி கிடையாது. டார்ச், ஊக்கு, சிறு கயிறு, சோப்பு, கழிப்பறைக் காகிதம், மழைக்கோட்டு, தொப்பி. பவர் பேங்கைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், செக்-இன் பெட்டியில் விடமாட்டார்கள். கொரியாவில் மின்சாரம் 220 வோல்ட், இரண்டு உருண்டை முனை பிளக். அதற்கேற்ற அடாப்டர் ஆறு பேருக்கு மூன்று இருந்தால் போதும்.

பருவத்தைப் பார்த்துக் கட்டுங்கள். 2008-ல் சிட்னி கூட்டம் ஜூலையில்தான், ஆனால் அங்கே அது குளிர்காலம். மணிலாவும் பனாமாவும் ஜனவரியில் நடத்தின. சியோலின் ஆகஸ்ட் புழுக்கமும் மழையும் கலந்தது. வியர்வை காயும் துணியும், எல்லாவற்றையும் உள்ளே போட்டுக் கட்ட இரண்டு பெரிய பிளாஸ்டிக் பைகளும் உதவும்.

பரிமாறிக்கொள்ளச் சின்னப் பொருள்கள் கொஞ்சம் எடுத்துச் செல்லுங்கள்: குத்திக்கொள்ளும் சிறு பேட்ஜ், கையால் கட்டிய செபமாலை, உங்கள் பாதுகாவலரான புனிதர் படம். இது இந்தக் கூட்டத்தின் செலாவணி. உங்கள் பையில் முதலில் தீர்ந்துபோவது அதுதான்.

ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு காகிதச் சீட்டு இருக்கட்டும். தங்குமிடத்தின் பெயரும் விலாசமும் அந்த நாட்டு மொழியில், பொறுப்பாளர் எண், இரத்த வகை, ஒவ்வாமை, காப்பீட்டு எண். போனில் எல்லாம் இருக்கிறதே என்பீர்கள். பல லட்சம் பேர் கூடும் திடலில் முதலில் விழுவது நெட்வொர்க், அடுத்தது பேட்டரி.

மனத்தைக் கட்டுவது

மாதம் ஒருமுறை ஆறு பேரும் கூடி அந்த ஆண்டின் கருப்பொருள் வசனம் வரும் அதிகாரத்தை முழுதாக வாசியுங்கள். யோவான் 16, அன்று இரவே கைதாகி மறுநாள் சாகப் போகிறவர் தன் நண்பர்களிடம் பேசும் பேச்சு. அதை அறிந்து வாசித்தால் "துணிவுடன் இருங்கள்" வேறு மாதிரி ஒலிக்கும்.

போகிற நாட்டுத் திருச்சபையின் கதையைக் கொஞ்சமாவது தெரிந்துகொண்டு போங்கள். கொரியாவில் திருச்சபையைத் தொடங்கியது வெளியிலிருந்து வந்த மறைபரப்பாளர்கள் இல்லை. நூல்களைப் படித்துத் தேடிய பொதுநிலையினர் தங்களில் ஒருவரான யி சுங்-ஹூனைப் பெய்ஜிங்குக்கு அனுப்ப, அவர் 1784-ல் திருமுழுக்குப் பெற்றுத் திரும்பினார். பிறகு வந்தது நூறாண்டுக்கு நெருங்கிய துன்புறுத்தல். முதல் கொரியக் குருவான அந்திரேயா கிம் தேகோன் உட்பட 103 மறைசாட்சிகளை இரண்டாம் யோவான் பவுல் 1984-ல் சியோலிலேயே புனிதராக உயர்த்தினார். 2014-ல் திருத்தந்தை பிரான்சிஸ் அதே நகரில் மேலும் 124 பேருக்கு அருளாளர் பட்டம் அளித்தார். இதைத் தெரிந்துகொண்டு ஹான் ஆற்றங்கரையில் மறைசாட்சிகள் கொல்லப்பட்ட ஜொல்துசான் திருத்தலத்தில் போய் நின்றால், செல்ஃபி எடுக்கும் கை தானாகக் கீழே இறங்கும்.

இரண்டு வார்த்தையாவது அவர்கள் மொழியில் பேசுங்கள். 'அன்னியோங் ஹாசேயோ' வணக்கம், 'காம்சாஹம்னிதா' நன்றி. வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போவது, பெரியவர் கொடுப்பதை இரண்டு கையால் வாங்குவது இரண்டும் அங்கே கவனிக்கப்படும்.

போய் இறங்கியதும்

முதல் நாள் எதையும் பார்க்கக் கிளம்பாதீர்கள். திருப்பயணி பையையும் அட்டையையும் வாங்குங்கள், தங்குமிடத்திலிருந்து அருகிலுள்ள ரயில் நிலையம் வரை ஒருமுறை நடந்து பாருங்கள், குடிநீர் எங்கே, குளியலறை வரிசை எப்போது குறையும் என்று பாருங்கள், தூங்குங்கள். வழி காட்ட கொரியாவில் நேவர் மேப், காக்காவோ மேப் இரண்டும் நன்றாக வேலை செய்யும், முன்பே இறக்கிப் பழகுங்கள். பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் டி-மணி அட்டை. ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 119, காவல்துறைக்கு 112. பல மொழியில் உதவும் சுற்றுலா உதவி எண் 1330.

வீட்டில் தங்க வைக்கும் குடும்பம் கிடைத்தால், அவர்கள் உங்களுக்காகக் காத்திருப்பார்கள் என்பதை மறக்காதீர்கள். இரவு தாமதமானால் செய்தி அனுப்புங்கள். படுக்கையை மடித்து வையுங்கள். கிராக்கோவுக்கு முந்தைய நாள்களில் என்னை வைத்துக்கொண்ட பாட்டிக்கு என் மொழி ஒரு சொல் தெரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது. ஆனாலும் காலையில் நான் கிளம்பும்போது நெற்றியில் சிலுவை வரைந்துதான் விடுவார். முக்கிய வாரத்தில் கேட்ட உரைகளில் பாதி மறந்துவிட்டது. அந்தக் கட்டைவிரலின் சொரசொரப்பு மறக்கவில்லை.

அந்த வாரம்

வரிசை ஏறக்குறைய எல்லா நகரத்திலும் ஒன்றுதான். செவ்வாயன்று அந்த நகர ஆயரின் தொடக்கத் திருப்பலி. அடுத்த மூன்று காலைகளும் மொழிவாரியாக ஆயர்களோடு மறைக்கல்வி. வியாழன் வாக்கில் திருத்தந்தைக்கு வரவேற்பு, வெள்ளி சிலுவைப்பாதை, சனி இரவு திருவிழிப்பு, ஞாயிறு நிறைவுத் திருப்பலி. அதன் முடிவில் அடுத்த நகரம் எது என்று அறிவிப்பார்கள்.

புதியவர்கள் மறைக்கல்வியைத் தவறவிட்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறார்கள். அது தவறு. ஓர் ஆயரிடம் நேரடியாகக் கேள்வி கேட்க உங்களுக்குக் கிடைக்கும் இடம் அதுதான். ஆறு பேரும் சேர்ந்து ஒரு கேள்வியை முந்தின இரவே எழுதி வையுங்கள். பூங்காக்களிலும் கோவில்களிலும் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு (பாவ அறிக்கை கேட்க) பல மொழிக் குருக்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஊரில் தெரிந்த முகத்திடம் சொல்லக் கூசியதை ஆயிரம் மைல் தள்ளி வந்து சொல்லிவிட்டு அழுதுகொண்டே எழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெரிய நிகழ்ச்சிக்கு முன் ஒவ்வொரு முறையும் நான்கை முடிவு செய்யுங்கள்: பிரிந்துபோனால் எங்கே சேர்வது, எத்தனை மணிக்கு, வராவிட்டால் யார் தேடப் போவது, யார் அசையாமல் நிற்பது. "மேடைக்குப் பக்கத்தில்" என்பதெல்லாம் இடமே இல்லை. எண் எழுதிய கம்பம், முதலுதவிக் கூடாரம் என்று அசையாத பொருளாக இருக்கட்டும். நெரிசல் இறுகினால் கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாதீர்கள். கைகளை மார்புக்கு முன் வைத்து மூச்சுக்கு இடம் விட்டு, கூட்டம் நகரும்போது சிறிது சிறிதாக ஓரத்துக்கு விலகுங்கள். கீழே விழுந்த பொருளைக் குனிந்து எடுக்க வேண்டாம், போனாக இருந்தாலும்.

திட்டம் மாறும். 2013-ல் ரியோவில் திருவிழிப்புக்குத் தயாரித்த குவாரட்டிபா திடல் மழையில் சேறாகிவிட, எல்லாவற்றையும் கோபகபானா கடற்கரைக்கு மாற்றினார்கள். அறிவிப்பைப் பார்ப்பது ஒருவர் வேலை என்று வைத்துவிடுங்கள். ஆறு பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆறு பேரும் பாதையைத் தவறவிடுவீர்கள்.

சனிக்கிழமை இரவு

இதற்குத்தான் இவ்வளவு தயாரிப்பும். மதியத்துக்குள் உங்கள் பகுதிக்குள் போய்விடுங்கள். அட்டையில் உள்ள பகுதி எண் தவிர வேறெங்கும் உட்கார முயலாதீர்கள். கழிப்பறைக்கு மிகப் பக்கத்தில் வேண்டாம், நாற்றமும் நடமாட்டமும் தூங்கவிடாது. மிகத் தூரமும் வேண்டாம். நடைபாதையை ஒட்டி இடம் பிடித்தால் இரவில் யாரையும் மிதிக்காமல் போய்வரலாம். வெயிலில் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடியுங்கள். 1993-ல் டென்வரில் வெயிலிலும் நீர் வறட்சியிலும் மயங்கி முதலுதவிக்குப் போனவர்கள் ஆயிரக்கணக்கில்.

லிஸ்பனில் அந்தத் திடல் தேஜோ ஆற்றங்கரையில் இருந்தது. இரவு ஒன்பதரை இருக்கும். எங்கள் ஆறு பேரில் ஒருத்தி ஜோடியை அழைக்காமல், 'இதோ வந்துவிடுகிறேன்' என்று கழிப்பறைக்குப் போனாள். பத்தரை ஆகியும் வரவில்லை. போன் அணைந்திருந்தது. இரண்டு பேர் தேடப் போனார்கள். பேசி வைத்தபடி, மீதி மூவரில் ஒருவர் எண் எழுதிய கம்பத்தடியில் குடையில் மஞ்சள் துணி கட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், நாங்கள் இருவர் பைகளோடு. பதினொன்றேகாலுக்கு அவள் அந்த மஞ்சளைப் பார்த்து வந்து சேர்ந்தாள். எங்கே போனாய் என்று யாரும் கேட்கவில்லை. அவளே சொன்னாள்: எல்லாப் பாதையும் ஒரே மாதிரி, எல்லாரும் ஒரே நிறப் பை, திரும்பியது தப்பான வரிசையில். அந்தக் காகிதச் சீட்டை ஒரு தன்னார்வலரிடம் காட்டினாளாம், அவர் பகுதி எண் வரை கூட்டி வந்து விட்டிருக்கிறார்.

நற்கருணை ஆராதனை தொடங்கும்போது அத்தனை லட்சம் பேரும் அமைதியாவார்கள். அந்த நேரத்தில் போனை எடுக்காதீர்கள் என்பதற்குமேல் அதைப்பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

மழை வந்தால் பிளாஸ்டிக் பைகளில் முதலில் ஸ்லீப்பிங் பேக், பிறகு மற்றவை. 2011-ல் மாட்ரிட் திருவிழிப்பில் புயல்மழை அடித்து, பதினாறாம் பெனடிக்ட் தன் உரையின் பெரும்பகுதியை விட்டுவிட்டு நனைந்த இளையோரோடு அங்கேயே இருந்தார். நற்கருணை வைத்திருந்த கூடாரங்கள் சில சாய்ந்ததால் மறுநாள் திருப்பலியில் பெரும்பாலானவர்களுக்கு நற்கருணை வாங்கக் கிடைக்கவில்லை. அப்படியும் நடக்கும் என்று தெரிந்தே போங்கள்.

தூக்கம் இரண்டு மணி நேரம் கிடைத்தால் அதிகம். லிஸ்பனில் காலை ஏழு மணி சுமாருக்கு ஒரு குருவானவர் டிஜே மேடையேறி எங்களையெல்லாம் எழுப்பினார். பக்கத்தில் படுத்திருந்த எங்கள் சிஸ்டர் சொன்னது: "இதற்குப் பதில் மணி அடித்திருக்கலாம்."

ஞாயிறும் அதற்குப் பிறகும்

திருப்பலி முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே திசையில் நடப்பார்கள். நீங்கள் உட்காருங்கள். மிச்சமிருக்கும் உணவைப் பங்கிட்டுச் சாப்பிடுங்கள், பக்கத்து நாட்டுக்காரரோடு பேட்ஜ் மாற்றுங்கள், உங்கள் குப்பையோடு பக்கத்துக் குப்பையையும் பொறுக்குங்கள். இரண்டு மணி நேரம் கழித்துக் கிளம்பினாலும் முன்னால் ஓடியவர்களை ரயில் நிலைய வாசலில் பிடித்துவிடுவீர்கள். ஞாயிறு இரவு விமானம் மட்டும் வேண்டவே வேண்டாம். திங்கள் மாலைக்கு முன் எதையும் போடாதீர்கள். ஞாயிறு இரவு விமானத்தைத் தவறவிட்டு விமான நிலையத் தரையில் இரண்டு நாள் கிடந்த குழுவோடு நான் பிஸ்கட்டைப் பங்கிட்டிருக்கிறேன்.

விசா தேதிக்குள் ஆறு பேரும் சேர்ந்தே திரும்புங்கள். வெளியேறும்போது பாஸ்போர்ட்டில் முத்திரையோ மின்பதிவோ விழுந்ததா என்று பாருங்கள். அடுத்த முறை உங்கள் பங்கிலிருந்து விண்ணப்பிக்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு அதுதான் பரிந்துரைக் கடிதம்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு நாள் இருமலும் தொண்டைக்கட்டும் இருக்கும். காய்ச்சல் தொடர்ந்தால் எங்கே போய் வந்தீர்கள் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். மூன்றாம் வாரம் ஆறு பேரும் கூடிக் கணக்கை முடியுங்கள். எந்தப் பொருளை வீணாகச் சுமந்தீர்கள், எந்தப் பொருள் இல்லாமல் தவித்தீர்கள் என்று ஒரு பட்டியல் எழுதி மறைமாவட்டப் பணிக்குழுவிடம் கொடுங்கள். எங்கள் பட்டியலில் முதல் வரி: மஞ்சள் துணி, இரண்டு மீட்டர்.